புஷ்பவதி கப்பலுக்கு அனுப்பிய பரிசுகள்

அந்த நாட்களில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்து போன கப்டன்மாரில் பலருக்குப் புஷ்பவதியின் பெயர் தெரிந்திருந்தது. எங்கள் நகரசபைத் தலைவரின் பெயர் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. புஷ்பவதி கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் தட்டெழுத்து வேலை செய்தவர். ஒரு கப்பலுக்கு எதைக் கொடுப்பது, எத்தனை கொடுப்பது, எந்தக் கையால் கொடுப்பது என்று அவரைப்போல அறிந்த இன்னொருவரை நான் கண்டதில்லை. அவருக்குப் பக்கத்து மேசையில் இருபது வருஷம் இருந்தவன் நான். அவர் இந்த விஷயத்துக்குள் இறங்கியதே நான் விட்ட ஒரு பிழையால்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அது 1961ஆம் ஆண்டு. ஆங்கிலேயக் கடற்படை போய் நான்கு வருஷமாகியிருந்தது. கடற்படைக்கு மரக்கறியும் இறைச்சியும் கொடுத்து வாழ்ந்தவர்கள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காலம். கொழும்பில் நெரிசல் என்று தேயிலைப் பெட்டிகள் ரயிலில் எங்கள் ஊருக்கு வரத் தொடங்க, அவற்றை ஏற்றச் சரக்குக் கப்பல்களும் வரத் தொடங்கின. கிண்ணியாவைச் சேர்ந்த கலீலுர் றஹ்மான் முதலாளி அந்தக் கப்பல்களுக்குத் தண்ணீர், சாப்பாட்டுச் சாமான், துறைமுகப் பத்திரம் எல்லாம் ஒழுங்குபடுத்தும் கந்தோரை நடத்தினார். பத்திர வேலை எனக்கு. தட்டெழுத்து புஷ்பவதிக்கு. அவருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஓர்ஸ் ஹில்லில் தாய் கனகம்மாவோடு இருந்தார். கப்பலுக்குப் போய்வரும் லோஞ்ச் படகை ஓட்டியவர் சரீப்.

ஒரு கப்பல் முதல்முறை எங்கள் பொறுப்பில் வந்தால் கப்டனுக்கு முதலாளி ஒரு பரிசு அனுப்புவது வழக்கம். ஆங்கிலேயருக்கு எதைக் கொடுத்தாலும் 'தாங்க் யூ' என்று சொல்வார்கள். எங்களுக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஜப்பான் கப்பல் ஒன்று வந்தது. அந்தக் கம்பனிக்கு வருஷத்தில் ஏழெட்டுக் கப்பல் எங்கள் பக்கம் வரும். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"சின்னராசா, கப்டனுக்கு நல்லதா ஒண்டு பாத்து வாங்குங்க. மலிஞ்ச சாமான் வேணாம்."

நான் தேடித் தேடிக் கருங்காலியில் செய்த யானைகள் வாங்கினேன். பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக நான்கு. கண்ணுக்குச் சிப்பி பதித்த நல்ல வேலைப்பாடு. நானே லோஞ்சில் போய்க் கப்டன் மொரிடாவிடம் கொடுத்தேன். மெலிந்த, நரைத்த மனிதர். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, திறக்காமல் ஒரு பக்கத்தில் வைத்தார். எனக்குப் பொறுமை இல்லை. "திறந்து பாருங்கள், திறந்து பாருங்கள்" என்று வற்புறுத்தினேன். அவர் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பிறகு தலை குனிந்து நன்றி சொல்லி, எல்லாவற்றையும் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

அடுத்து வந்த அந்தக் கம்பனிக் கப்பல்கள் இரண்டும் வேறு முகவரிடம் போயின. அதற்கு யானைகள்தான் காரணமா என்று எங்களுக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. கந்தோரில் அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது புஷ்பவதி தட்டெழுத்தை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணன், அவர் முகம் மாறினவரா?"

"ஓம், கொஞ்சம் மாறினதுதான்."

"எந்த இடத்தில? பெட்டியைத் திறக்கேக்கயா, யானையைக் கண்ட உடனயா?"

நான் யோசித்துப் பார்த்தேன். கப்டனின் விரல்கள் என் கண்முன் வந்தன. "நாலாவது யானையை எடுத்து வைக்கேக்க" என்றேன்.

அவர் எழுந்தார். முதலாளியிடம் போய், கப்டனுக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று கேட்டார். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

"நாம விட்ட பிழையென்னெண்டு நாமளே போய்க் கேக்கிறதா புள்ள?"

"தெரியாம விட்ட பிழையைக் கேக்கிறதில என்ன வெக்கம், முதலாளி? கேக்காட்டி அடுத்த கப்பலுக்கும் இதைத்தானே குடுப்பம்."

கடிதம் ஆறேழு வரிதான். நாங்கள் உங்களுக்கு மரியாதை செய்ய நினைத்தோம், அதில் ஏதோ தவறு நடந்திருக்கிறது, அது என்னவென்று சொன்னால் இன்னொருவரை அப்படி நோகச் செய்யாமல் இருப்போம் என்று எழுதியிருந்தார். மன்னிப்பு என்ற சொல்லை ஒரே ஒரு முறை போட்டிருந்தார்.

மூன்று மாதம் கழித்து, அந்தக் கம்பனிக் கப்பல் ஒன்றின் அதிகாரி எங்கள் கந்தோரைத் தேடி வந்து ஒரு கடிதத்தையும் ஒரு பெட்டியையும் தந்துவிட்டுப் போனார். கப்டன் மொரிடா கையால் எழுதிய கடிதம். ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் தனித்தனியாகச் செதுக்கியதுபோல் இருந்தது. தங்கள் மொழியில் நாலு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் ஒரே ஓசை உள்ளவை என்று எழுதியிருந்தார். தன்னுடைய கப்பலில் மூன்றாம் அறைக்குப் பக்கத்து அறை ஐந்தாம் அறை என்றும் எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது: "நீங்கள் கவலைப்பட வேண்டாம். யானைகளை நான் நான்கு பேருக்குப் பகிர்ந்துவிட்டேன். இப்போது ஒவ்வொருவரிடமும் ஒரு யானைதான் இருக்கிறது."

புஷ்பவதி அந்த வரியை எங்களுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் நாலு யானையையும் அந்த மனிதர் கடலில் எறிந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், கொடுத்தவனுக்கும் நோகாமல் வாங்கியவனுக்கும் பழுதில்லாமல் ஒரு வழி கண்டிருக்கிறாரே என்று நான் நினைத்தேன்.

பெட்டிக்குள் கடற்பாசி சுற்றிய சின்னச் சின்ன அரிசி முறுக்குகள். சரீப் ஒன்றைக் கடித்துவிட்டு, "கடலையே திண்ட மாதிரி இரிக்கி" என்றார். பெட்டியைச் சுற்றி நீல நிறத்தில், வெள்ளைக் கொக்குகள் பறக்கும் துணியொன்று கட்டியிருந்தது. கந்தோர்க் காவலாளி அதைத் தன் சாப்பாட்டுப் பார்சல் கட்டக் கேட்டார். புஷ்பவதி கொடுக்கவில்லை.

"இது திருப்பி அனுப்ப வேண்டிய துணி" என்றார்.

"ஆர் சொன்னது?" என்று நான் கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்ல. கடதாசியில சுத்தியிருந்தா எறியலாம். இவ்வளவு நல்ல துணியில சுத்தினா, அது சாமானைக் கொண்டு வந்த பாத்திரம் மாதிரித்தானே?" பிறகு முதலாளியைப் பார்த்தார். "நோன்புக்கு உங்கட வீட்டில இருந்து கஞ்சி அனுப்பினா, அந்தச் சட்டி வெறுஞ்சட்டியாவா திரும்பி வருது?"

முதலாளி சிரித்தார். "வராது புள்ள. ஒரு பிடி சீனியாச்சும் வரும். பல்கீஸ் அதத்தான் பாத்துக்கிட்டு இருப்பா."

பல்கீஸ் முதலாளியின் மனைவி. அவர் அன்று அங்கே இருந்திருந்தால் புஷ்பவதியின் கட்சியைத்தான் பிடித்திருப்பார்.

புஷ்பவதி துணியைத் தோய்த்து, மடிப்புக் குலையாமல் அழுத்தி, அதற்குள் பனங்கட்டிக் குட்டான்கள் ஐந்தை வைத்துக் கட்டினார். பனையோலையில் பின்னிய சின்னஞ்சிறு பெட்டிகள் அவை. "நாலு மட்டும் வேணாம்" என்று சொல்லிக்கொண்டார். அடுத்து வந்த ஜப்பான் கப்பலில் அது போயிற்று.

1962 மாசி மாதம் மொரிடாவின் கப்பல் மறுபடி வந்தது. எங்கள் பொறுப்பில்தான் வந்தது. சரீப் கப்பலுக்குப் போய்விட்டு ஓடிவந்தார்.

"மிஸ், துணி அனுப்பின ஆளைக் கப்டன் பாக்க வேணுமாம். மிஸ்ஸைத்தான்."

பெண்ணொருத்தி சரக்குக் கப்பலில் ஏறுவது அப்போது எங்கள் ஊரில் கேள்விப்படாத கதை. முதலாளி நேரே ஓர்ஸ் ஹில்லுக்குப் போய்க் கனகம்மாவிடம் அனுமதி கேட்டார். "நீங்களும் சின்னராசாவும் கூடப் போறதெண்டாப் போகட்டும்" என்று தாய் சொன்னார். லோஞ்சின் பலகையில் சரீப் ஒரு புதுச் சாக்கை விரித்திருந்தார். கப்பலின் கீழே போனதும் புஷ்பவதி அந்த இரும்புச் சுவரை அண்ணாந்து பார்த்தார். எத்தனையோ நூறு கடிதங்களில் அந்தக் கப்பல்களின் பெயர்களைத் தட்டெழுத்தில் அடித்தவர், ஒன்றைக்கூடப் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. "இது மிதக்குதா!" என்று மெல்லச் சொன்னார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். 

மேலே கப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் மூன்று பேர். ஒருவர் இன்ஜினியர், ஒருவர் சமையற்காரர், ஒருவர் மாலுமிகளின் தலைவர். நால்வர் கையிலும் ஒவ்வொரு யானை. ஒருவரும் தன் யானையை மற்றவரின் யானைக்குப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. நால்வரும் ஒன்றாகக் குனிந்து வணங்கினார்கள். புஷ்பவதிக்கு என்ன செய்வதென்று ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு கைகூப்பி, அவர்கள் குனிந்த அளவுக்கே குனிந்தார்.

"துணியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று கப்டன் கேட்டார். "அதற்குள் ஏதாவது வைக்க வேண்டும் என்று?"

"எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்றார் புஷ்பவதி.

கப்டன் அதை மற்ற மூவருக்கும் தங்கள் மொழியில் சொன்னார். சமையற்காரர், வயது போன மனிதர், கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். தங்கள் ஊரிலும் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று கப்டன் எங்களுக்குச் சொன்னார்.  இத்தனை ஆயிரம் மைல் கடலைத் தாண்டியிருக்கிற இரண்டு ஊர்களில், ஒருவரை ஒருவர் கண்டறியாத பெண்கள், பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாதென்று அலுமாரியைத் திறந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதை நான் அதுவரை யோசித்ததேயில்லை.

அதன்பிறகு அந்தக் கம்பனியின் கப்பல்கள் எல்லாம் எங்களிடமே வந்தன. பரிசு விஷயத்தை முதலாளி புஷ்பவதியின் கையில் கொடுத்துவிட்டார்.

கப்பலுக்கு அவர் அடிக்கடி போனதில்லை. சரீப்தான் அவருக்குக் கண். ஒவ்வொரு முறையும் சரீப் திரும்பி வந்ததும் விசாரணை நடக்கும். ஒரு கையால் வாங்கினவரா, இரண்டு கையாலா? உடனே திறந்தவரா? ஆரைப் பார்த்தவர்? சரீப் ஆரம்பத்தில் சலித்துக்கொண்டார். போகப்போக அவருக்கும் அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. கப்டனின் புருவம் எந்தப் பக்கம் உயர்ந்தது என்றுகூடச் சொல்வார்.

புஷ்பவதியும் பிழை விடாமல் இல்லை. 1963இல் சோவியத் கப்பல் ஒன்று வந்தது. அதன் வைத்தியர் ஒரு பெண். எங்கள் கந்தோர் வேலையாள் ஒருவரின் காய்ச்சலுக்கு அவர் மருந்து தந்திருந்தார். அதற்கு நன்றியாகப் புஷ்பவதி நுவரெலியாவிலிருந்து ரோசாப்பூ எடுப்பித்தார். ஈரச் சீலையில் சுற்றி ரயிலில் வந்த பன்னிரண்டு சிவப்பு ரோசாக்கள். சரீப் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வரும்போது அவருடைய சட்டைப் பையில் ஒரு ரோசா. கந்தோரே சிரித்தது.

"அந்த டொக்டர் அம்மாதான் குத்திவிட்டா. சத்தியமா நான் கேக்கல்ல" என்றார் சரீப், முகமெல்லாம் சிவந்து.

புஷ்பவதி மட்டும் சிரிக்கவில்லை. "பூவை வாங்கின உடன எடுத்தவவா, எண்ணிப் பாத்திட்டு எடுத்தவவா?"

சரீப் தலையைச் சொறிந்தார். "எண்ணித்தான் பாத்தா. எண்ணிப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா. பிறகு ஒண்டை உருவி எண்ட பையில வச்சா."

புஷ்பவதி கதிரையில் சாய்ந்தார். "பன்னிரண்டைப் பதினொண்டாக்கியிருக்கிறா" என்றார். அடுத்த நாள் சரீப் கேட்டுக்கொண்டு வந்த பதில், அவர் நினைத்தது சரியென்று காட்டியது. அந்த நாட்டில் இரட்டை எண்ணிக்கையில் பூக் கொடுப்பது செத்தவர்களுக்குத்தானாம். அந்த அம்மா முகம் சுளிக்காமல், ஒரு சொல் சொல்லாமல், ஒரு பூவை எடுத்து எங்கள் பிழையைத் திருத்திவிட்டார். "எவ்வளவு பெரிய மனுசி!" என்று புஷ்பவதி அந்தக் கிழமை முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் இனிமையாகவே போனதென்று நினைத்துவிடக்கூடாது. கப்பல்களை எந்த முகவருக்குக் கொடுப்பதென்று தீர்மானிக்கும் தரகர் ஒருவர் கொழும்பில் இருந்தார். தனக்கொரு பெரிய ரேடியோ வந்தால் நல்லது என்று ஆள்விட்டுச் சொன்னார். முதலாளி கொடுத்துவிடலாம் என்று சொன்னார். புஷ்பவதி ரேடியோவை அனுப்பத்தான் செய்தார். ஆனால் தரகரின் கந்தோர் விலாசத்துக்கு, 'இங்கு வேலை செய்யும் எல்லோரும் கேட்டு மகிழ' என்று கடிதம் வைத்து அனுப்பினார். தரகர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாமற் போயிற்று. ஒன்றரை வருஷம் அவர் மூலம் எங்களுக்கு ஒரு கப்பலும் வரவில்லை. முதலாளி இரண்டு நாள் புஷ்பவதியோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டார்.

"ஏன் புள்ள அப்பிடிச் செஞ்ச?"

"நாலு பேருக்கு முன்னால வாங்க வெக்கப்படுற சாமானை நாங்கள் பரிசெண்டு சொல்ல ஏலாது, முதலாளி."

முதலாளி பெருமூச்சு விட்டார். "நீ செல்றது சரிதான். கப்பல்தான் இல்ல" என்றார்.

இனிச் சொல்லப்போவது கிரேக்கக் கப்டன் ஸ்தாவ்ரோஸின் கதை. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை கோதுமை மா மூட்டைகளோடு வருவார். ஆள் மலைபோல. தாடி, உரத்த குரல். எங்கள் முதலாளியில் அவருக்கு அளவில்லாத பிரியம். வரும்போதெல்லாம் தங்கள் ஊர் மதுவில் ஒரு பெரிய போத்தலைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் முன்னால் முதலாளியின் கையில் வைத்து, கட்டிப்பிடிப்பார். ஐந்து நேரமும் தொழுகிற மனிதர் அந்தப் போத்தலைப் பாம்பைப் பிடித்தவர்போல் பிடித்துக்கொண்டு நிற்பார். கப்டன் போனபிறகு சரீப் அதைக் கடலில் ஊற்றிவிடுவார்.

"வேணாமெண்டா மனுசண்ட மனம் நோகும். வாங்கினா எண்ட ஈமான் நோகும்" என்று முதலாளி ஒருநாள் கண் கலங்கச் சொன்னார்.

புஷ்பவதி கப்டனுக்கு எழுதினார். மதுவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. "எங்கள் முதலாளி உங்கள் ஊரைக் கண்டதில்லை. உங்கள் வீட்டுத் தோட்டத்தில் காய்ப்பது எதுவோ, அதில் கொஞ்சம் கொண்டுவந்தால் அவருக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை" என்று மட்டும் எழுதினார்.

"அங்க என்ன காய்க்கும் எண்டு தெரியுமோ?" என்று நான் கேட்டேன்.

"தெரியாது அண்ணன். என்ன காய்ச்சாலும் போத்தலில்லைத்தானே."

அடுத்தமுறை கப்டன் ஒரு மண் சாடியும், கோரைப் புல்லில் மாலைபோலக் கோத்த உலர்ந்த பழங்களும் கொண்டுவந்தார். சாடியை முதலாளியின் மேசையில் வைத்துத் திறந்தார். உப்புத் தண்ணீரில் கறுப்பும் பச்சையுமாகச் சின்னக் காய்கள்.

"என்ன இது?" என்று முதலாளி கேட்டார்.

"ஒலிவ்" என்றார் கப்டன். "என் தகப்பன் நட்ட மரம்." மாலையைத் தூக்கிக் காட்டினார். "இது அத்திப்பழம். அதுவும் எங்கள் தோட்டத்தில்தான்."

முதலாளி சாடிக்குள் குனிந்து பார்த்தார். "ஒலிவ் எண்ணெய் எண்டு பாமசியில விக்கிறாங்களே, அதுவா? அத நாங்க ஸைத்தூன் எண்ணெய் எண்டெல்லா செல்றது" என்றார் எங்களைப் பார்த்து.  "அப்ப இதுதான் ஸைத்தூனா? இது தீன், இது ஸைத்தூன்..."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். சிறுவயதிலிருந்து தொழுகையில் ஓதி ஓதி, நாக்கில் பதிந்துபோன இரண்டு பெயர்கள். குர்ஆனில் இறைவன் சத்தியமிட்டுச் சொன்ன இரண்டு கனிகள், அத்தியும் ஒலிவும். ஐம்பத்தெட்டு வயதுவரை அவர் அவற்றைக் கண்ணால் கண்டதில்லை. இப்போது இரண்டும் ஒரே நாளில், ஒரே மனிதனின் கையில், அவருடைய மேசைமேல் வந்திருந்தன. அவர் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு காயை எடுத்து வாயில் வைத்தார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

கப்டன் பயந்துபோனார். "கெட்டுப்போய்விட்டதா?" என்று புஷ்பவதியிடம் கேட்டார். புஷ்பவதி விளக்கிச் சொன்னார்.  கப்டன் தொப்பியைக் கழற்றினார். "எங்கள் ஊரில் கீழே விழுவதை ஆடுகள் தின்னும்" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை முதலாளி சாடியையும் மாலையையும் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனார். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் ஒலிவக் காய்களைக் கீறிக் கீறி, அத்திப்பழத்தைக் கிள்ளிக் கிள்ளி, வந்திருந்த எல்லோருக்கும் பங்கிட்டாராம். விரல்நகத்தளவுதான் ஒருவருக்குக் கிடைத்தது. கைப்பும் உப்புமான காய். அன்று ஒருவரும் கைக்கிறது என்று சொல்லவில்லை என்று சரீப் சொன்னார். பிறகு கப்டன் ஒருபோதும் போத்தல் கொண்டுவரவில்லை.

இதற்கிடையில் புஷ்பவதிக்குக் கலியாணம் முடிந்தது. கணவர் பாக்கியரத்தினம் தபால் கந்தோரில் வேலை. தாய் அவர்களோடுதான் இருந்தார். 1969இல் ஒரு காலை கனகம்மா திடீரென்று காலமானார். அன்று ஸ்தாவ்ரோஸின் கப்பல் துறைமுகத்தில் நின்றது. அடுத்த நாள் அடக்கம்.

செத்தவீட்டில் ஆண்கள் வெளியே கதிரைகளில் இருந்தோம். பறை ஒலித்துக்கொண்டிருந்தது. பத்து மணிபோல் வாசலில் ஒரு மலை வந்து நிற்பதுபோலக் கப்டன் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை. தொப்பி இல்லை. படலையடியில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். கைகள் இரண்டும் வெறுமையாக இருந்தன. எங்கேயும் வெறுங்கையோடு போகாத மனிதர் அவர். மலர்வளையம்கூட இல்லாமல் வந்து, உள்ளே போய்க் கனகம்மாவின் கால்பக்கத்தில் நின்று கும்பிட்டார். புஷ்பவதியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். ஒன்றரை மணித்தியாலம் அந்த உரத்த குரல்காரர் ஒரு சொல் பேசாமல் இருந்தார். பாடை புறப்பட்டதும் எழுந்து, எங்கள் பின்னால் சந்திவரை நடந்தார். பிறகு ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

செத்தவீட்டிலிருந்து போகும்போது நாங்கள் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. அது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

மாலையில் நான் லோஞ்ச் கட்டும் ஜெட்டிக்குப் போனேன். சரீப் அங்கே நின்றார்.

"நேத்துக் காலையில இருந்து கேள்வி கேட்டே என்னைக் கொண்டுட்டார் சின்னராசா. பூக் கொண்டு போகலாமா எண்டார். வேணாம் எண்டன். சாப்பாடு? வேணாம். காசு? வேணாம். அப்ப என்னதான் கொண்டு போறது எண்டு கத்தினார். ஒண்டும் வேணாம் கப்டன், போய்ப் பக்கத்தில இருங்க எண்டன். அதான் உங்கட ஆக்கள்ற வழமை எண்டு எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னன்." சரீப் குழாயடியைக் காட்டினார். "திரும்பி வந்து, லோஞ்சில ஏறமுதல் அதில நிண்டு தலைமுழுகினார். சட்டையோட. அதையும் நான்தான் சொன்னனான். செய்வார் எண்டு நினைக்கல்ல."

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு நான் இதைப் புஷ்பவதியிடம் சொன்னேன். வழமைபோல அவர் விசாரித்தார். சப்பாத்தை எங்கே கழற்றினவர்? எவ்வளவு நேரம் இருந்தவர்? கடைசியாகக் குழாயடியைச் சொன்னேன். "அவ்வளவு பெரிய மனுசன், அந்தச் சின்னக் குழாயில..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. தாய் செத்தபோது உறவினர்களைக் கவனித்துக்கொண்டு கண்ணீர் விடாமல் நின்றவர், அப்போது முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் அழுதார். எத்தனையோ நாட்டாரின் வழமைகளை அறிய எட்டு வருஷமாக ஆள்விட்டுக் கேட்டவர் அவர். அவருடைய வீட்டு வழமையை அறிய ஒருவர் அதேபோல் கேட்டிருக்கிறார் என்பது அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது என்று நினைக்கிறேன். எனக்கே தாங்கமுடியவில்லை.

1981இல் முதலாளி வயது காரணமாகக் கந்தோரை மூடினார். புஷ்பவதி வீட்டோடு இருந்தார். அடுத்த வருஷம் ஓர்ஸ் ஹில்லில் அவர்களுக்கு இரண்டு வீடு தள்ளி, ஜெர்மன் பொறியியலாளர் ஒருவரும் மனைவியும் குடிவந்தார்கள். புஷ்பவதி பார்க்கப் போனார். அன்று நான் அங்கே போயிருந்ததால் கூடப் போனேன். கையில் ஒன்றும் எடுக்கவில்லை.

"ஏதாவது கொண்டு போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"முதல் நாள் போய்ப் பாக்க வேணும் அண்ணன், அங்க என்ன இல்லை எண்டு."

அந்தப் பெண் எங்களுக்குச் சமைக்கும் குசினிவரை எல்லாம் காட்டினார். ஒரு மூலையில் தேங்காய்கள் குவிந்து கிடந்தன. வீட்டு மரத்தில் விழுந்தவையாம். என்ன செய்வதென்று தெரியாமல் சேர்த்து வைத்திருந்தார். ஒன்றைக் கத்தியால் குத்திப் பார்த்து விரலில் காயம்.

மறுநாள் புஷ்பவதி புதுத் திருவலை ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அதைக் கண்டதும் அந்தப் பெண்ணுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. சின்னப் பலகையின் நுனியில் பல் வைத்த இரும்பு. நாயா, குதிரையா என்று கேட்டார். புஷ்பவதி சேலையை ஒதுக்கிக்கொண்டு அதில் ஏறி இருந்து, பாதித் தேங்காயைப் பல்லில் வைத்துத் திருவிக் காட்டினார். வெள்ளைப் பூ தட்டில் விழ விழ, அந்தப் பெண் நிலத்தில் முழங்காலில் இருந்து, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான், நான்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். புஷ்பவதி எழுந்து இடம் விட்டார்.